பழைய கார் ஏசி குளிரவில்லையா? கேஸ் ஏற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

பழைய காரில் ஏசி குளிரவில்லை என்றதும் பலரும் நேராகக் கேஸ் ஏற்றப் போய்விடுகிறார்கள். சில மாதம் குளிரும். பிறகு மறுபடியும் பழைய கதைதான். பெட்ரோலைப் போல எரிந்து தீருவதல்ல ஏசி கேஸ். மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வருவது. அது குறைந்திருக்கிறது என்றால் எங்கோ வழி கிடைத்து வெளியே போயிருக்கிறது. ரப்பர் ஹோஸ் வழியாகவும் கம்ப்ரசர் ஷாஃப்ட் சீல் வழியாகவும் வருடத்துக்குக் கொஞ்சம் கசிவது எல்லாப் பழைய வண்டிக்கும் உண்டு. பல வருடம் கழித்து ஒருமுறை அளவு குறைந்திருந்தால் ஒத்துக்கொள்ளலாம். ஒரே கோடைக்குள் குறைந்தால் அது லீக்தான். குளிராத வண்டிகள் பலவற்றில் கேஸ் சரியாகவே இருக்கும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஃபேன், கம்ப்ரசரைப் பெல்ட்டோடு இணைக்கும் கிளட்ச், அடைத்த கண்டன்சர், மூடாத ஹீட்டர் வால்வு என்று வேறு ஏதாவது கெட்டிருக்கும். அந்த நிலையில் இன்னும் கேஸை ஏற்றினால் அழுத்தம் எகிறி, இருக்கிற குளிர்ச்சியும் போய்விடும்.

ஆகவே முதலில் காற்று, அடுத்து கரண்ட், கடைசியில் கேஸ். இந்த வரிசையை மாற்றாமல் பார்த்தால் செலவில்லாத சோதனைகள் முதலிலேயே முடிந்துவிடும்.

ஏசி வேலை செய்யும் விதம் தெரிந்திருந்தால் மற்றதெல்லாம் எளிது. கம்ப்ரசர் கேஸை அழுத்திச் சூடாக்கி ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டன்சருக்கு அனுப்புகிறது. அங்கே சூட்டை இழந்து கேஸ் திரவமாகிறது. அந்தத் திரவம் ஈரத்தையும் தூசியையும் பிடிக்கும் டிரையரைத் தாண்டி எக்ஸ்பேன்ஷன் வால்வின் சின்னத் துளைக்குள் நுழைகிறது. துளையைத் தாண்டியதும் அழுத்தம் சட்டென்று விழ, டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் அது கொதித்து ஆவியாகி, மேலே வீசும் காற்றின் சூட்டை உறிஞ்சுகிறது. கம்ப்ரசரிலிருந்து எக்ஸ்பேன்ஷன் வால்வு வரை ஹை சைடு, மெல்லிய குழாய், தொட்டால் சுடும். காயிலிலிருந்து கம்ப்ரசர் வரை லோ சைடு, தடித்த குழாய், தொட்டால் சில்லென்று இருக்கும்.

எந்த மாதிரியான குறை?

வண்டியை நிழலில் நிறுத்தி எஞ்சினைச் சூடேற்றுங்கள். கதவுகளைத் திறந்து வையுங்கள். ஏசியைப் போட்டு, ப்ளோயரை முழு வேகத்திலும், காற்றை உள்ளேயே சுற்றும் நிலையிலும், வெப்பநிலைக் குமிழை முழுக் குளிர்ச்சியிலும் வைத்து, எஞ்சினை 1500 ஆர்பிஎம் சுற்றில் 5 முதல் 10 நிமிடம் ஓட விடுங்கள். நடு வென்ட்டில் ஒரு தெர்மாமீட்டரைச் செருகுங்கள். வெளியே 30 டிகிரி செல்சியஸ் இருந்தால் நல்ல ஏசி 5 முதல் 10 டிகிரி வரை காட்டும். காற்றில் ஈரம் அதிகமென்றால் சில டிகிரி கூடும். ஈரத்தைத் தண்ணீராக்கவே காயிலின் சக்தியில் பெரும்பங்கு போய்விடுவதால் அது குறையல்ல.

இப்போது பானட்டைத் திறந்து, கூலிங் காயிலுக்குள் போய்வரும் இரண்டு குழாய்களையும் எஞ்சின் அறைச் சுவர் ஓரமாகத் தொட்டுப் பாருங்கள். விசிறியும் பெல்ட்டும் ஓடுகின்றன, சட்டைக் கை ஜாக்கிரதை. தடித்த குழாய் சில்லென்று வியர்த்திருக்க, உள்ளே வரும் காற்று மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் கேஸ் பக்கம் எந்தக் குறையும் இல்லை. காற்று எங்கோ சூட்டோடு கலக்கிறது. இந்த ஒரு தொடுதலே தேவையில்லாத பல செலவைத் தடுத்துவிடும்.

குளிர்ச்சி இருந்தும் காற்று குறைவாக வந்தால் ஃபில்டர், ப்ளோயர், காயில் பக்கம் பாருங்கள். ஓடும்போது குளிர்ந்து, சிக்னலில் நின்றால் சூடாகிறது என்றால் கண்டன்சர் ஃபேன். காலையில் குளிர்ந்து உச்சி வெயிலில் குளிராவிட்டாலும் அதே பக்கம்தான்.

கொஞ்ச நேரம் நன்றாகக் குளிர்ந்து பிறகு நின்றுவிடுவதுதான் குழப்பும். அதற்குக் காரணம் மூன்று. காற்றின் அளவே படிப்படியாகக் குறைந்து, ஏசியை அணைத்துப் ப்ளோயரை மட்டும் கால் மணி நேரம் ஓட்டியதும் திரும்பி வந்தால், காயிலில் ஐஸ் கட்டுகிறது. காற்று அப்படியே வந்து குளிர் மட்டும் போகிறது, கம்ப்ரசரின் முன்தட்டும் சுற்றாமல் நிற்கிறது என்றால் கிளட்ச் விடுகிறது. கம்ப்ரசர் சுற்றியும் குளிர் போனால், உள்ளே இருக்கும் ஈரம் எக்ஸ்பேன்ஷன் வால்வின் துளையில் உறைந்து அடைத்துக்கொள்கிறது.

காற்று

கேபின் ஃபில்டர் இருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். ஃபில்டரே வைக்காமல் வந்த பழைய மாடல்களில் தூசி நேராகக் கூலிங் காயிலில் போய் ஒட்டும். ப்ளோயர் மோட்டாரையோ ரெசிஸ்டரையோ கழற்றினால் கிடைக்கும் ஓட்டை வழியாக டார்ச் அடித்தால் காயிலின் முகம் தெரியும். சாம்பல் நிறப் போர்வை மாதிரி படிந்திருந்தால் முதலில் மெல்லிய பிரஷ்ஷால் மேல்படிவை எடுத்துவிட்டு, ஏசி காயிலுக்கென்றே விற்கும் நுரை கிளீனரை அடித்து 15 முதல் 20 நிமிடம் விடுங்கள். கரைந்த அழுக்கு டிரெயின் குழாய் வழியாக வடியும். வடியாமல் முன்சீட்டுக் கால்வைக்கும் இடத்தில் கார்ப்பெட் நனைந்தால் அந்தக் குழாய் அடைத்திருக்கிறது. வண்டிக்கு அடியிலிருந்து மென்மையான பிளாஸ்டிக் வயரை விட்டு எடுங்கள். இரும்புக் கம்பியை ஆழமாகக் குத்தினால் காயில் ஓட்டையாகும், பிறகு டேஷ்போர்டையே இறக்க வேண்டியதுதான்.

ப்ளோயர் கடைசி வேகத்தில் மட்டும் ஓடினால் ரெசிஸ்டர் போய்விட்டது. மாற்றும்போது கனெக்டரையும் பாருங்கள். பழைய வண்டிகளில் அது உருகிக் கறுத்திருக்கும். மோட்டார் புஷ் (ஷாஃப்ட்டைத் தாங்கும் வளையம்) தேய்ந்து அதிகக் கரண்ட் இழுப்பதுதான் பெரும்பாலும் அதற்குக் காரணம். அதைக் கவனிக்காமல் ரெசிஸ்டரை மட்டும் மாற்றினால் புதியதும் எரியும்.

குழாய் சில்லென்று இருந்தும் வென்ட்டில் குளிர் இல்லாத வண்டியில் ஹீட்டரைச் சந்தேகப்படுங்கள். ஹீட்டருக்குப் போகும் ரப்பர் ஹோஸைத் துணி சுற்றிய கிளாம்ப்பால் மெதுவாக நசுக்குங்கள். ஹோஸ் வெடிப்பு விட்டிருந்தால் இந்தச் சோதனை வேண்டாம். நசுக்கிய சில நிமிடங்களில் வென்ட் வெப்பநிலை 5 டிகிரிக்கு மேல் இறங்கினால், ஹீட்டர் வால்வு முழுதாக மூடவில்லை, அல்லது காற்றைத் திருப்பும் தட்டு தன் இடத்தில் உட்காரவில்லை. குமிழிலிருந்து வரும் கேபிள் நழுவியிருக்கும், சிலவற்றில் சின்ன மோட்டாரின் பல்சக்கரம் உடைந்திருக்கும். வென்ட்டிலிருந்து கறுப்பாகவோ மஞ்சளாகவோ பொடி பொடியாக ஏதாவது பறந்தால் அந்தத் தட்டில் ஒட்டிய ஸ்பாஞ்ச் உளுத்துவிட்டது. அந்த இடைவெளி வழியாகச் சூடு கலந்துகொண்டே இருக்கும்.

ஐஸ் கட்டும் வண்டியில், காற்றோட்டம் சரியென்றால், காயிலில் செருகியிருக்கும் தெர்மோஸ்டாட் அல்லது சென்சார் காரணம். காயில் உறைநிலையை நெருங்கும்போது கம்ப்ரசரை நிறுத்துவது அதன் வேலை. காயில் சுத்தம் செய்தபோது யாராவது உருவிவிட்டு, திரும்ப வேறு இடத்தில் செருகியிருந்தாலும் இதே தொல்லை வரும்.

கண்டன்சரும் ஃபேனும்

மின்சார ஃபேன் வைத்த வண்டிகளில் பெரும்பாலானவற்றில் கம்ப்ரசர் கிளட்ச் பிடித்ததும் ஃபேனும் ஓட வேண்டும். ஓடாவிட்டால் ஃபியூஸ், ரிலே, பிறகு மோட்டாருக்கு நேராக 12 வோல்ட் கொடுத்துப் பார்ப்பது. தட்டினால் ஓடுகிற மோட்டார் கார்பன் பிரஷ் தேய்ந்த மோட்டார். அதை நம்பி வெயிலில் கிளம்ப வேண்டாம்.

ஃபேன் ஓடுவது மட்டும் போதாது. எஞ்சின் ஐடிலிங்கில் இருக்க, கண்டன்சரின் முன்பக்கம் ஒரு காகிதத்தை வையுங்கள். இழுத்துப் பிடித்துக்கொண்டால் நல்லது. விழுந்தாலோ தள்ளப்பட்டாலோ ஃபேன் வலுவிழந்திருக்கிறது, அல்லது மாற்றியவர் வயரைத் தலைகீழாகக் கொடுத்திருக்கிறார். பின்னோக்கிச் சுற்றும் ஃபேன் கேட்பதற்குச் சரியாகவே கேட்கும். எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் விஸ்கஸ் ஃபேன் என்றால், எஞ்சின் சூடானதும் அணைத்துவிட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். தடையே இல்லாமல் பல சுற்று போனால் அதன் உள்ளே இருக்கும் சிலிக்கான் எண்ணெய் வடிந்துவிட்டது.

கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே உள்ள சந்தில் இலை, பூச்சி, பஞ்சு எல்லாம் சேர்ந்து மெத்தையாகிவிடும். முன்னால் பார்த்தால் பளிச்சென்று இருக்கும். மேல் பட்டியைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீரை மெல்லிய அழுத்தத்தில், எஞ்சின் பக்கத்திலிருந்து முன்னோக்கி அடியுங்கள். பிரஷர் வாஷர் துடுப்புகளை மடக்கிவிடும்.

சந்தேகம் தீர ஒரு சோதனை. குளிராத நிலையில் வண்டியை ஓட விட்டு, கண்டன்சர் மேல் பூவாளியால் தண்ணீர் ஊற்றுங்கள். ஓரிரு நிமிடத்தில் வென்ட் குளிர்ந்தால் குறை காற்றோட்டத்தில் அல்லது கேஸ் அதிகமானதில்தான்.

கம்ப்ரசர் பிடிக்கவே இல்லை

ஏசி பட்டனை அழுத்தியதும் டக்கென்று ஒரு சத்தம் கேட்டு, பெல்ட் புல்லியோடு கம்ப்ரசரின் முன்தட்டும் சுற்றத் தொடங்க வேண்டும். சத்தமே இல்லை என்றால் ஃபியூஸ் பாருங்கள். ரிலேயை அதே மாதிரி இன்னொன்றோடு மாற்றிப் போட்டுப் பாருங்கள். பிறகு கிளட்ச் கனெக்டரில் மல்ட்டிமீட்டரை வையுங்கள்.

அங்கே கரண்ட் வரவில்லை என்றால் வழியில் ஏதோ ஒரு சுவிட்ச் தடுக்கிறது. முக்கியமானது பிரஷர் சுவிட்ச். கேஸ் அழுத்தம் ஏறக்குறைய 30 பிஎஸ்ஐக்குக் கீழே போனாலும், 400 பிஎஸ்ஐயைத் தாண்டினாலும் அது கம்ப்ரசரை நிறுத்திவிடும். இரண்டே வயர் உள்ள சுவிட்ச் என்றால் கனெக்டரைக் கழற்றி இரண்டையும் ஒரு துண்டு வயரால் சில நொடி மட்டும் இணைத்துப் பார்க்கலாம். கிளட்ச் பிடித்தால் கேஸ் குறைவு அல்லது சுவிட்ச் கெட்டது. அப்படியே இணைத்து ஓட்டுவது கம்ப்ரசரைக் கொல்கிற வேலை. கம்ப்ரசருக்கு எண்ணெய் கேஸோடு சேர்ந்துதான் திரும்பி வருகிறது. கேஸ் இல்லை என்றால் எண்ணெயும் இல்லை. மூன்று வயர் உள்ளது சுவிட்ச் அல்ல, சென்சார். அதை ஷார்ட் பண்ணக் கூடாது.

கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு மேல் வருகிறது, ஆனாலும் பிடிக்கவில்லை என்றால் கிளட்ச் காயிலின் ரெசிஸ்டன்ஸை அளங்கள். பெரும்பாலானவை 3 முதல் 5 ஓம் காட்டும். அளவே காட்டாவிட்டால் காயில் அறுந்தது. எஞ்சின் ஓடும்போது 11 வோல்ட்டோ அதற்குக் கீழோ வந்தால் ரிலே முனை தேய்ந்திருக்கும் அல்லது எர்த் துருப்பிடித்திருக்கும்.

பழைய வண்டிகளில் அதிகம் ஏமாற்றும் இடம் கிளட்ச் இடைவெளி. முன்தட்டுக்கும் புல்லிக்கும் நடுவே இருக்கும் இந்த இடைவெளி பல கம்ப்ரசர்களில் 0.35 முதல் 0.65 மி.மீ.; சிலவற்றில் 0.8 வரை அனுமதி உண்டு. ஒவ்வொரு முறை பிடிக்கும்போதும் தட்டு துளித்துளியாகத் தேய்ந்து இடைவெளி பெருகுகிறது. கிளட்ச் காயில் குளிர்ந்திருக்கும்போது காந்தத்துக்கு வலு இருக்கும், இழுத்துவிடும். அரைமணி ஓடிச் சூடானதும் காயிலின் ரெசிஸ்டன்ஸ் கூடி, கரண்ட் குறைந்து, அந்த இடைவெளியைத் தாண்டி இழுக்க முடியாமல் போகும். வண்டியை நிறுத்தி ஆற விட்டால் மறுபடி வேலை செய்யும். கேஸ் குறைவு என்று நினைத்து எத்தனை முறை ஏற்றினாலும் இது தீராது.

இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை மூன்று இடத்தில் விட்டு அளங்கள். அதிகமாக இருந்தால் நடு போல்ட்டைக் கழற்றித் தட்டை இழுத்தால், ஷாஃப்ட்டின் மேல் வாஷர் மாதிரி மெல்லிய ஷிம்கள் இருக்கும். மெல்லிய ஒன்றை எடுத்துவிட்டுப் பூட்டித் திரும்ப அளங்கள். கரண்ட் இல்லாதபோது புல்லி தட்டில் உரசாமல் சுற்ற வேண்டும். உரசினால் எடுத்தது அதிகம். இந்த வேலைக்குக் கேஸை இறக்கத் தேவையில்லை.

கேஜ் காட்டும் கதை

இத்தனையும் சரியென்றால் இப்போதுதான் ஹை, லோ இரண்டு பக்க அழுத்தத்தையும் காட்டும் மேனிஃபோல்டு கேஜ். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். ஆர்-134ஏ என்ற ஏசி கேஸ் வெளிக்காற்றில் கொதிப்பது மைனஸ் 26 டிகிரியில், கண்ணில் பட்டால் உறைந்துவிடும். ஆர்-134ஏ வண்டிகளில் கேஜ் மாட்டும் சர்வீஸ் வாய்களில் லோ சைடு வாய் 13 மி.மீ., ஹை சைடு வாய் 16 மி.மீ. மாற்றி மாட்டவே முடியாது.

முதலில் எஞ்சின் பல மணி நேரம் ஆறியிருக்கும்போது அணைத்த நிலையில் பாருங்கள். இரண்டு முள்ளும் ஒரே அளவைக் காட்டும். 25 டிகிரியில் சுமார் 82 பிஎஸ்ஐ, 30 டிகிரியில் 97, 35 டிகிரியில் 114. உள்ளே கொஞ்சமாவது திரவம் இருக்கும்வரை இந்த எண் மாறாது. ஆகவே இதை வைத்துக் கேஸ் நிறைந்திருக்கிறது என்று சொல்ல முடியாது. மிகவும் குறைவாகக் காட்டினால் கிட்டத்தட்ட காலி. இந்த எண்களைவிடத் தெளிவாக அதிகமாகக் காட்டினால் உள்ளே காற்று புகுந்திருக்கிறது, அல்லது முன்பு யாரோ வேறு கேஸைக் கலந்திருக்கிறார்கள். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: முழுதாக இறக்கி, வாக்யூம் போட்டு (பம்ப்பால் உள்ளே இருப்பதை உறிஞ்சி எடுத்து), புதிதாக ஏற்றுவது.

பிறகு மேலே சொன்ன சோதனை நிலையில், 1500 ஆர்பிஎம்மில் ஓட விட்டுப் பாருங்கள். 30 முதல் 35 டிகிரி வெயிலில் லோ சைடு 25 முதல் 45 பிஎஸ்ஐ, ஹை சைடு 180 முதல் 240 பிஎஸ்ஐ என்பது ஆரோக்கியமான அளவு. லோ சைடு 30 பிஎஸ்ஐ என்றால் காயிலுக்குள் கேஸ் ஏறக்குறைய 1 டிகிரியில் கொதிக்கிறது என்று பொருள்.

- இரண்டும் குறைவு, குளிர் அரைகுறை: கேஸ் குறைவு. கம்ப்ரசர் கிளட்ச் அடிக்கடி பிடிப்பதும் விடுவதுமாக இருக்கும்.
- லோ அதிகம், ஹை குறைவு, எஞ்சின் சுற்றைக் கூட்டினாலும் முள் பெரிதாக நகரவில்லை: கம்ப்ரசர் உள்ளே வால்வு தட்டு போய்விட்டது. அணைத்ததும் இரண்டு முள்ளும் உடனே சேர்ந்துகொள்ளும்.
- இரண்டும் அதிகம்: கண்டன்சரில் காற்று போதவில்லை, கேஸ் அதிகம், அல்லது உள்ளே காற்று. தண்ணீர் ஊற்றும் சோதனை முதல் இரண்டையும் மற்றதிலிருந்து பிரிக்க உதவும்.
- லோ சைடு பூஜ்யத்துக்கும் கீழே வாக்யூமுக்குப் போகிறது: எங்கோ அடைப்பு. ஓட ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் இப்படிப் போய், ஓய்வு கொடுத்ததும் திரும்பினால் ஈரம் உறைகிறது; டிரையர் நிறைந்துவிட்டது. எப்போதும் அப்படியே இருந்தால் எக்ஸ்பேன்ஷன் வால்வு.
- லோ அதிகம், தடித்த குழாய் கம்ப்ரசர் வரை வியர்த்து வழிகிறது: எக்ஸ்பேன்ஷன் வால்வு திறந்தபடி மாட்டிக்கொண்டது, அல்லது குழாயின் வெப்பத்தை அதற்குச் சொல்லும் சென்சிங் பல்பு குழாயிலிருந்து கழன்றுவிட்டது.

ஹை சைடில் அடைப்பு எங்கே என்று கண்டுபிடிக்கக் கையே போதும். டிரையருக்குள் போகும் குழாய் சூடாகவும் வெளியே வருவது சில்லென்றும் இருந்தால் அடைப்பு டிரையருக்குள்தான். ஹை சைடில் எக்ஸ்பேன்ஷன் வால்வுக்கு முன் எங்குமே குளிரக் கூடாது.

லீக் தேடுவது

கேஸ் வெளியேறும் இடத்தில் எண்ணெயும் கசியும், அதில் தூசி ஒட்டும். இணைப்புகள், ஹோஸின் அலுமினிய நெரிப்பு முனை, கண்டன்சரின் கீழ்மூலை, கம்ப்ரசர் உடலின் பொருத்துக்கோடு இவற்றில் கறுத்து ஈரமான திட்டு இருக்கிறதா என்று பாருங்கள். பானட்டின் அடிப்பக்கத்தில், கம்ப்ரசர் புல்லிக்கு நேர் மேலே, கோடு இழுத்த மாதிரி எண்ணெய் தெறித்திருந்தால் ஷாஃப்ட் சீல் போய்விட்டது. சர்வீஸ் வாயின் மூடியைக் கழற்றிச் சோப்புநுரை ஒரு சொட்டு விடுங்கள். உள்ளே இருக்கும் வால்வு ஊசி கசிவது சாதாரணம். மூடியும் ஒரு சீல்தான், அது தொலைந்த வண்டிகளில் கேஸ் சீக்கிரம் குறையும்.

கண்ணுக்குத் தெரியாவிட்டால் யூவி சாயம் சுமார் 7 மி.லி. போதும். சில நாள் ஏசி ஓட்டிவிட்டு இருட்டில் யூவி டார்ச்சும் மஞ்சள் கண்ணாடியுமாகப் பாருங்கள், பச்சையாக ஒளிரும். கூலிங் காயிலுக்குள் லீக் என்றால், வண்டியை அணைத்துக் கால் மணி நேரம் விட்டு, எலக்ட்ரானிக் லீக் டிடெக்டரின் முனையை டிரெயின் குழாயின் வாயில் வையுங்கள். கேஸ் காற்றைவிடக் கனமானது, அங்கே வந்து சேரும்.

காலியான சிஸ்டத்தில் உலர் நைட்ரஜனை ரெகுலேட்டர் வழியாக 150 பிஎஸ்ஐ வரை ஏற்றிச் சோப்புநுரை போடுவதுதான் உறுதியான வழி. ஆக்சிஜன் வேண்டவே வேண்டாம், எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும். டயருக்கு அடிக்கும் காற்றும் வேண்டாம். ஈரத்தைக் கொண்டுபோவதோடு, அழுத்தத்தில் ஆர்-134ஏ காற்றோடு கலந்தால் தீப்பிடிக்கவும் கூடும். லீக்கை அடைப்பதாகச் சொல்லும் டப்பா மருந்துகளையும் ஊற்றாதீர்கள். எக்ஸ்பேன்ஷன் வால்வையும், பிறகு ஒர்க்‌ஷாப்பின் கேஸ் மெஷினையும் சேர்த்து அடைக்கும்.

திறந்து மூடுவது

மிச்சக் கேஸை ரெக்கவரி மெஷினில் இறக்க வேண்டும். காற்றில் விடுவது பல நாடுகளில் சட்டப்படி குற்றம். ஒரு கிலோ ஆர்-134ஏ நூறு ஆண்டுக் கணக்கில் சுமார் 1,400 கிலோ கரியமில வாயு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும். நெருப்பில் பட்டால் நச்சுவாயுவாகும் என்பதால் பக்கத்தில் சிகரெட்டும் வெல்டிங்கும் கூடாது.

அலுமினியக் குழாய் இணைப்பை எப்போதும் இரண்டு ஸ்பேனர் வைத்தே கழற்றுங்கள். ஒன்று பிடிக்க, ஒன்று திருப்ப. ஒரே ஸ்பேனரில் திருகினால் குழாய் முறுக்கி விரிசல் விடும். திறந்த ஒவ்வொரு இணைப்புக்கும் புது ஓ-ரிங் (ரப்பர் வளையம்), ஆர்-134ஏவுக்கு ஏற்ற ஹெச்என்பிஆர் ரப்பர் வகையில். ஏசி எண்ணெயில் தோய்த்துப் போடுங்கள், கிரீஸ் தடவாதீர்கள். சிஸ்டத்தைத் திறந்தால் டிரையர் மாற்றித்தான் ஆக வேண்டும். கடைசிப் பாகமாக அதை மாட்டுங்கள். மூடியைக் கழற்றியதும் அறைக் காற்றின் ஈரத்தைக் குடிக்க ஆரம்பித்துவிடும்.

எண்ணெய் வகையைக் கம்ப்ரசர் ஸ்டிக்கரில் பாருங்கள். பிஏஜி என்ற ஏசி எண்ணெயிலேயே 46, 100, 150 என்று தடிமன் வேறு வேறு, ஒன்றுக்கு இன்னொன்று ஆகாது. டிரையர் மாற்றினால் 10 முதல் 20 மி.லி., கண்டன்சருக்கு சுமார் 30, கூலிங் காயிலுக்கு 40 முதல் 50 என்பது பொதுவான கணக்கு; வண்டியின் சர்வீஸ் மேனுவல் வேறு சொன்னால் அதுவே சரி. கம்ப்ரசர் மாற்றும்போது பழையதிலிருந்து எண்ணெயை வடித்து அளந்துகொள்ளுங்கள். புதியதில் மொத்தச் சிஸ்டத்துக்குமான எண்ணெய் இருக்கக்கூடும், அப்படியே போட்டால் அதிகமாகிக் குளிர் குறையும். வடித்த எண்ணெய் கறுப்பாகவோ வெள்ளித் துகள் மின்னியோ இருந்தால் கம்ப்ரசர் உள்ளே அரைபட்டிருக்கிறது. துகள்கள் கண்டன்சரின் மெல்லிய கால்வாய்களில் போய் உட்கார்ந்திருக்கும், கழுவினாலும் வராது. கண்டன்சர், டிரையர், எக்ஸ்பேன்ஷன் வால்வு மூன்றையும் மாற்றாமல் புதுக் கம்ப்ரசர் மாட்டுவது காசைக் கரியாக்குவது.

வாக்யூமும் கேஸ் ஏற்றுவதும்

வாக்யூம் போடுவது காற்றை எடுக்க மட்டுமல்ல, ஈரத்தைக் கொதிக்க வைத்து வெளியேற்றவும்தான். 25 டிகிரியில் தண்ணீர் கொதிக்க ஏறக்குறைய 29 அங்குல (பாதரச அளவு) வாக்யூம் தேவை. 25 அங்குலத்தில் நிற்கும் தேய்ந்த பம்ப்பை ஒரு நாள் முழுக்க ஓட்டினாலும் ஈரம் அப்படியே இருக்கும். நல்ல பம்ப் குறைந்தது 45 நிமிடம் ஓடட்டும். வால்வை மூடி, பம்ப்பை நிறுத்தி அரைமணி காத்திருங்கள். முள் கொஞ்சம் ஏறி நின்றுவிட்டால் ஈரம் மிச்சமிருக்கிறது, இன்னும் ஓட்டுங்கள். ஏறிக்கொண்டே போனால் லீக். முள் அசையவில்லை என்பதால் லீக் இல்லவே இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம்; வாக்யூம் கொடுப்பது சுமார் 15 பிஎஸ்ஐ வித்தியாசம்தான், ஓடும்போது ஹை சைடில் 200க்கு மேல்.

பானட் ஸ்டிக்கரில் இத்தனை கிராம் என்று இருக்கும். தராசில் வைத்து எடைபோட்டே ஏற்றுங்கள். மொத்தமே 500 கிராம் பிடிக்கிற வண்டியில் 50 கிராம் கூடினாலே பத்து சதவீதம். ஹோஸ் இணைப்பை ஒரு நொடி தளர்த்தி உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றிவிட்டு, டப்பாவை நிமிர்த்தி, எஞ்சின் அணைந்த நிலையில் லோ சைடு வழியாகப் போகிற வரை போகட்டும். பிறகு எஞ்சினை ஓட்டி ஏசியைப் போட்டு மீதியை ஏற்றுங்கள். டப்பா சில்லிட்டு வேகம் குறைந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் வையுங்கள், நெருப்புக் காட்டாதீர்கள். எஞ்சின் ஓடும்போது டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்தால் திரவம் கம்ப்ரசருக்குள் போய் வால்வை உடைக்கும். ஓடும்போது ஹை சைடு வால்வைத் திறந்தால் அழுத்தம் டப்பாவுக்குள் திரும்பி, டப்பாவே வெடிக்கும்.

டிரையர் மேல் கண்ணாடி வைத்த வண்டிகளில் குமிழி மறையும்வரை ஏற்றுவது, ஆர்-134ஏவுக்கு முந்தைய கேஸான ஆர்-12 காலத்துப் பழக்கம். ஆர்-134ஏ சரியான அளவிலும் குமிழி காட்டும். கண்ணாடி தெளியும்வரை ஏற்றினால் கூடிப்போகும்.

ஆர்-12 வண்டிகள்

1987-இல் உருவான மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு, 1990-களின் முதல் பாதியில் கார் நிறுவனங்கள் ஆர்-12ஐ விட்டு ஆர்-134ஏவுக்கு மாறின. அதற்கு முந்தைய வண்டியில் சர்வீஸ் வாய்கள் மரை வைத்தவையாக இருக்கும். அதில் அப்படியே ஆர்-134ஏ ஏற்றக் கூடாது. பழைய மினரல் எண்ணெய் அதோடு கலக்காது, கம்ப்ரசர் எண்ணெய் இல்லாமல் காயும். பழைய எண்ணெயை முடிந்தவரை வடித்துக் கழுவி, எஸ்டர் எண்ணெய் ஊற்றி, டிரையரையும் ஓ-ரிங்குகளையும் மாற்றி, பழைய ஆர்-12 அளவில் 80 சதவீதம் வரை ஏற்றுவது வழக்கம். 800 கிராம் பிடித்த வண்டிக்கு 640 கிராம். ஹை சைடு அழுத்தம் முன்பைவிடக் கூடும் என்பதால் வலுவான ஃபேனும், இல்லாத வண்டியில் ஹை பிரஷர் கட் சுவிட்ச்சும் வேண்டும். சமையல் கேஸ் வகைக் கலவையை ஏற்றிக்கொடுக்கச் சிலர் முன்வருவார்கள். நன்றாகக் குளிரும்தான், ஆனால் கூலிங் காயில் கசிந்தால் எரியும் வாயு நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குள்தான் வரும்.

மாற்றி முடித்ததும் வாய்களில் ஆர்-134ஏ அடாப்டரை மாட்டி, பழைய ஸ்டிக்கர் மேல் புதியதை ஒட்டுங்கள்: எந்தக் கேஸ், எத்தனை கிராம், என்ன எண்ணெய், எத்தனை மி.லி., தேதி. அடுத்து இந்த பானட்டைத் திறப்பவருக்கு வேறு வழியில் இது தெரியாது.